ஆறாவது துணி

1

என் வேலைமேசையில் ஒரு சின்னப் போத்தலில் நீலச் சாயம் இருக்கிறது. ஏழு வருடமாக அதற்கும் எனக்கும் பழக்கம். என் மனைவியை விட அதனோடுதான் பகலில் அதிக நேரம் இருக்கிறேன் என்று அவள் கேலி செய்வாள்.

ஜேர்மனியில், பெயர் சொன்னாலும் நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு சிறிய பட்டணத்தில், துணி பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். இங்கே நெசவு இல்லை. வேறெங்கோ நெய்து வெளுத்த பருத்தித் துணி பெரிய உருளைகளாக வரும். நாங்கள் அதற்கு ஒரு மருந்துக் குளிப்பு கொடுப்போம். தொட்டியில் பொலிமர் கரைசல் இருக்கும். துணி அதில் முங்கி எழுந்து, இரண்டு இறப்பர் உருளைகளுக்கிடையில் பிழிபட்டு, சூட்டறைக்குள் போய்க் காய்ந்து மறுபக்கத்தால் வெளியே வரும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மணமும் இல்லை. ஆனால் அந்தத் துணியில் விழுகிற கிருமி பெருகாமல் செத்துப்போகும். வைத்தியசாலைக் கட்டில் விரிப்புகளுக்கும் தாதிமாரின் மேலங்கிகளுக்கும் அது போகிறது.

பொலிமருக்குப் பல்பகுதியம் என்று பெயர் சொல்லித்தான் ஊர்காவற்றுறையில் உயர்தர வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். சின்ன மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன என்று விளக்கம் எழுதிப் பத்துக்கு எட்டுப் புள்ளி எடுத்தேன். இந்தச் சங்கிலியின் கண்ணிகளில் நேரேற்றம் இருக்கிறது. ஈரத்தில் பருத்திக்கு மறையேற்றம். ஆகவே சங்கிலி பருத்தியைப் பிடித்துக்கொள்கிறது. கிருமியின் தோலும் மறையேற்றம்தான். வந்து ஒட்டினால் அதையும் பிடித்துக் கிழித்துவிடும். இவ்வளவுதான் சங்கதி.

இதற்கு ஒரு எதிரி உண்டு. சாதாரணச் சவர்க்காரம். அதுவும் மறையேற்றம். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சங்கிலி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கும். கிருமியைப் பிடிக்க அதற்குக் கை மிச்சமிராது. அதனால்தான் எங்கள் துணியோடு ஒரு துண்டுக் கடதாசி போகும். 'சவர்க்காரம் பாவிக்க வேண்டாம்' என்பது அதில் முதல் வரி. வைத்தியசாலைகள் வேறொரு கழுவுமருந்து வைத்திருக்கிறார்கள்.

நீலச் சாயம் சோதனைக்கு. துணியின் மூலையில் ஒரு சொட்டு விட்டுத் தண்ணீரில் அலம்ப வேண்டும். நீலம் நின்றால் மருந்து உயிரோடு இருக்கிறது. நீலம் கழுவுப்பட்டு வெள்ளையாகிவிட்டால் இல்லை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது சொட்டு விடுவேன். வெள்ளையாகிற ஒவ்வொரு துணியிலும் எனக்கு அம்மாவின் கால் தெரியும். மூன்று வருடமாக இதை யாருக்கும் சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் மூன்றாவது திவசம். அன்று நடந்ததால்தான் எழுதுகிறேன்.

2

நான் நெடுந்தீவு ஆள். எண்பத்துநாலில் புறப்பட்டேன். கொழும்பு, கிழக்கு பேர்லின், அங்கிருந்து ஒரு ரயில். எல்லாரும் வந்த வழிதான். இறங்கியதும் அகதிகளைப் பதிகிற ஒரு கந்தோரில் இருத்தி, தொழில் என்ன என்று கேட்டார்கள். ரசாயனத்தில் நல்ல புள்ளி எடுத்தவன் என்ற திமிரில் 'மாணவன்' என்றேன். இருபத்தாறு வயதில் மாணவனா என்று அங்கிருந்த உத்தியோகத்தர் அம்மா கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். பிறகு தன் பாட்டில் ஏதோ எழுதினாள். நான்கு வருடம் கழித்துத்தான் என் கோவையில் 'தொழில் இல்லை' என்று இருப்பது தெரியவந்தது.

எனக்குத் தந்த கடதாசிக்கு இந்த மொழியில் 'சகித்துக்கொள்ளுதல்' என்று பொருள். என்னைச் சகித்துக்கொள்கிறார்களாம். ஆறு மாதத்துக்கொரு தடவை போய்ச் சகிப்பைப் புதுப்பிக்க வேண்டும். மாவட்டத்தை விட்டுத் தாண்டக்கூடாது. பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ப் பிடிபட்டுத் தண்டம் கட்டியிருக்கிறேன். பிறகு மனைவி வந்தாள், மகள் தாரணி பிறந்தாள், தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கடதாசி மட்டும் மாறவில்லை. ஊருக்குப் போனால் அகதி வழக்கு முடிந்துவிடும், திரும்பி வர ஏலாது என்று வழக்கறிஞர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

தாரணிக்கு இப்போது ஒன்பது வயது. தமிழ் விளங்கும். பேசும்போது பாதி வழியில் டொச்சுக்குள், அதுதான் ஜேர்மன் மொழிக்குள், இறங்கிவிடுவாள். நெடுந்தீவு எங்கே என்று வகுப்பில் ஆசிரியை கேட்டதற்கு, 'அப்பா அழுகிற இடம்' என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் அழுது அவள் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

தொண்ணூற்றிரண்டில், ஊரில் சண்டையும் பொருள்தடையும் இருந்த நேரம், அக்காவின் கடிதம் வந்தது. யாரோ கொழும்பு வரை கொண்டுவந்து தபாலில் போட்டிருந்தார்கள். எழுதி ஒரு மாதமாகியிருந்தது.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் ஏற்கெனவே இருந்தது. மாட்டைக் கட்டப் போன இடத்தில், மதிலிலிருந்து சரிந்து கிடந்த கடற்பவள முருகைக்கல் ஒன்று உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. முருகைக்கல் வெட்டு லேசில் ஆறாது என்பது தீவார் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் கழுவிக் கட்டுகிறார்கள், ஆனால் கட்டுவதற்குத் துணி இல்லை, பழைய வேட்டி சீலையெல்லாம் கிழித்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாள். யாழ்ப்பாணம் கொண்டுபோகலாமென்றால் கடற்படையிடம் பாஸ் எடுக்க வேண்டும், கடல் வேறு சரியில்லை. கடைசியில் ஒரு வரி. 'சவர்க்காரம் கண்ணால் கண்டு எத்தனையோ மாதம், சாம்பலும் பனங்காயும் போட்டுத்தான் உடுப்புத் தோய்க்கிறோம்.'

அந்த வரியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அளவுக்கு மிஞ்சி ஞாபகம் வைத்திருந்தேன்.

மேற்பார்வையாளர் ஹெல்காவிடம் போய்க் கேட்டேன். ஓரம் கோணலாகத் தைபட்ட விரிப்புகளைக் கழித்துப் போடுவது வழக்கம். அதில் ஆறு தந்தாள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். 'இது கட்டிலுக்கு, புண்ணுக்கு அல்ல' என்றாள். 'அங்கே வேறு ஒன்றுமில்லை' என்றேன். அவள் தன் கையாலேயே ஒவ்வொரு துணியிலும் நீலச் சொட்டு விட்டுச் சோதித்தாள். ஆறிலும் நின்றது. நீலம் பட்ட மூலைகளை வெட்டிவிட்டு மடித்துத் தந்தாள்.

எங்கள் பட்டணத்தில் இருந்த ஓர் அண்ணை, பாஸ்போட் உள்ளவர், அந்தக் கிழமை கொழும்புக்குப் போக இருந்தார். பார்சலைப் பிரித்துப் பார்த்தவர் துண்டுக் கடதாசியை வெளியே எடுத்தார்.

"துணி எண்டால் துணியை மட்டும் தாரும். உது என்ன, வாய்பாடெல்லாம் கிடக்கு?"

"கழுவுற முறை அண்ணை. ரசாயனப் பேர் ரெண்டு மூண்டு இருக்கு."

"செக்பொயின்ற்றிலை நிக்கிற பெடியனுக்கு அது விளங்குமே? குண்டு செய்யிற குறிப்பெண்டு என்னையெல்லே பிடிச்சு வைப்பான். உமக்கென்ன, நீர் இஞ்சை இருக்கிறீர். வேணுமெண்டால் கடிதத்திலை எழுதிவிடும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. கடதாசியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த மேசையிலேயே கடிதம் எழுதினேன். 'சுத்தமான துணி, புண்ணுக்குக் கட்டுங்கோ, வேறை ஒண்டும் கட்ட வேண்டாம்' என்று எழுதினேன். சவர்க்காரம் போட வேண்டாம் என்று எழுதப் பேனையை வைத்தேன். அக்காவின் வரி ஞாபகம் வந்தது. சவர்க்காரத்தைக் கண்ணாலும் காணாமல் இருக்கிறவர்களுக்குச் சவர்க்காரம் போடாதே என்று எழுதினால் நக்கல் மாதிரி இருக்காதா? இங்கே கடையில் ஒரு தட்டு முழுக்க அடுக்கி வைத்திருக்கிற ஊரிலிருந்துகொண்டு? அவள் மனம் நோகும் என்று பட்டது. எழுதவில்லை. அந்த இடத்தில் என் வழக்கைப் பற்றியும் இந்த ஊர்க் குளிரைப் பற்றியும் ஒரு பந்தி எழுதி ஒட்டினேன்.

மறந்துபோனேன் என்றால் என்னை மன்னித்திருப்பேன். யோசித்துத்தான் எழுதாமல் விட்டேன்.

4

அடுத்த கடிதம் அம்மா போனபிறகு எழுதியது. தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்து வாசித்தேன். எதிரே இருந்தவர் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். அக்கா ஒன்றும் குறைவிடாமல் எழுதுகிறவள். நல்ல மனதோடு எழுதியதால் இன்னும் மோசமாக இருந்தது.

எங்கள் வீட்டில் கோடித் துணியை, அதாவது தண்ணீர் படாத புதுத் துணியை, கோடியாகவே உயிரோடு இருக்கிற ஆள் மேல் போடுவதில்லை. புதுச் சட்டைக்கு மூலையில் மஞ்சள் தொடுவார்கள். பிறந்த பிள்ளைக்கும் வருத்தக்காரருக்கும் கட்டாயம் ஒரு தடவை தோய்த்துக் காயவைத்துத்தான் கொடுப்பார்கள். கழுவாத வெள்ளைத் துணி ஒருவர் மேல் விழுவது செத்தவீட்டில்தான், பிள்ளைகள் போடுகிற கோடியாக. இது எனக்குத் தெரியாததா? என் சட்டை எத்தனைக்கு அம்மா மஞ்சள் தொட்டிருக்கிறா. ஜேர்மன்காரனுக்குத் துண்டுக் கடதாசி போதும். அம்மாவின் வீட்டுக்கு எது வேண்டும் என்று அறிந்த ஒரே ஆள் நான்தான்.

அக்கா எழுதியிருந்தாள்: 'நீ அனுப்பின துணி வந்ததும் அம்மாவுக்குப் பாதி வருத்தம் போன மாதிரி. சாம்பல் போட்டுத் தோய்க்கப் போனேன், அம்மா விடவில்லை. மோன் அனுப்பினதைச் சாம்பலிலையோ போடுறாய் என்று பேசினா. அத்தான் கருவாடு கொண்டுபோய்க் குறிகாட்டுவான் துறையில் மாற்றி அரைக்கட்டிச் சவர்க்காரம் கொண்டுவந்தார். எங்கள் கிணற்று உவர்த்தண்ணியில் நுரை வராதல்லவா, அதனால் நல்ல தண்ணிக் கிணற்றுக்குக் கொண்டுபோய், நுரைக்க நுரைக்கத் தோய்த்து வெயிலில் போட்டேன். பால் மாதிரி வந்தது. உன் பெயர் சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் கட்டினோம்.'

பிறகு புண் மணக்கத் தொடங்கியது, காய்ச்சல் வந்தது, படகு கிடைத்த அன்று கடல் விடவில்லை. பதினொரு நாளில் அம்மா போய்விட்டா.

அவள் வேண்டுமென்றே தேடிச் செய்தாலும் இதைவிடத் திருத்தமாக மருந்தைக் கொன்றிருக்க முடியாது. உவர்த்தண்ணீரிலும் சாம்பலிலும் தோய்த்திருந்தால்கூட ஏதும் மிஞ்சியிருக்கும். பாசத்துக்கு நல்ல தண்ணீரும் நுரையும் வேண்டியிருந்தது.

அந்தத் துணி அம்மாவைக் காப்பாற்றியிருக்குமா? தெரியாது. ஹெல்கா சொன்ன மாதிரி அது கட்டிலுக்கு. சீனி வருத்தக்காரரின் காலைத் துணி மட்டும் காப்பாற்றாது என்று இங்கே எங்கள் மருத்துவரும் சொன்னார். யாரோ ஒருவருடைய தாய் என்று சொல்லித்தான் கேட்டேன். அவர் சொன்னதை நம்பப் பகலில் முடிகிறது.

விடுமுறைப் படிவத்தில் காரணம் எழுதும் கட்டம் ஒரு விரலளவு. 'தாய்' என்று எழுதினேன். செத்தவீட்டுக்கு எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்டார்கள். எங்கும் போகவில்லை என்றேன். அப்படியானால் இரண்டு நாள் எதற்கு என்று அந்த மனிதர் உண்மையாகவே விளங்காமல் கேட்டார். கொள்ளியை அத்தான் வைத்தார். நான் அந்த இரண்டு நாளும் குசினிக் கதிரையில் இருந்தேன்.

5

போன ஞாயிறு. அத்தானின் கண் ஒப்பரேசனுக்காக அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு கொழும்பு வந்து ஒரு லொட்ஜில் நிற்கிறாள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் குரலைக் கேட்கப் போகிறேன். மனைவி திவசத்துக்குச் சமைத்துப் படைத்து முடிந்ததும் எடுத்தோம். முதலில் நான் பேசினேன், பிறகு மனைவி, பிறகு தாரணி. மாமியோடு பேசென்று நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

"மாமி, நீங்க சுகமா? நான் நாலாம் வகுப்பு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும், அப்பா என்ன வேலை செய்கிறார் என்றோ என்னவோ. தாரணி உற்சாகமாகிவிட்டாள். போன மாதம் தொழிற்சாலையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். நீலச் சொட்டு விடக்கூட அவளை விட்டார்கள்.

"அப்பா துணிக்கு மருந்து போடுறார், மாமி. கிருமி எல்லாம் செத்துடும். ஆனா சோப் போட்டுக் கழுவக்கூடாது. சோப் போட்டா மருந்து செத்துடும். பிறகு அது சும்மா துணி."

இவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. வேறொரு நாளென்றால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"மாமி பேசுறா இல்லை" என்று ரிசீவரை நீட்டினாள்.

வாங்கினேன். 

"அக்கா?"

"தம்பி, பிள்ளை சொல்லுறது மெய்யே?"

"என்னது?"

"சவர்க்காரம் போடக்கூடாதெண்டு."

"அது இஞ்சத்தைய வேலை அக்கா. அவள் சின்னப்பிள்ளை."

"நீ அனுப்பின துணியிலை மருந்து இருந்ததோ?"

நான் எழுதாமல் விட்ட ஒரு வரியை அவள் மூன்று வருடம் கழித்து வாயால் கேட்கிறாள். ஓம் என்று சொன்னால் என் பாரத்தில் பாதி இறங்கும். ஆனால் அது அவள் தலையில்தான் இறங்கும். நல்ல தண்ணிக் கிணற்றடியில் நுரைக்க நுரைக்கத் தோய்த்த கை அவளுடையது. பிழை என்னுடையது என்று எத்தனை தரம் சொன்னாலும் அவள் பார்க்கப் போவது தன் கையைத்தான்.

"சொல்லு தம்பி. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

"இல்லை அக்கா" என்றேன். "அது வெறுந்துணி. மருந்து போடுறது இப்பத்தான், போன வருசம் தொடங்கினவங்கள்."

"மெய்யாத்தானே?"

"மெய்யா."

அவள் மூச்சு விட்டது கேட்டது. அங்கேயிருந்து இங்கே வரை கேட்டது.

"அப்பாடா. எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. நான்தான் அம்மாவைக் கொண்டுபோட்டனோ எண்டு நினைச்சிட்டன்." கொஞ்சம் சிரித்தாள். அழுதுகொண்டு சிரிப்பது அவள் பழக்கம். "அப்ப அந்த ஒண்டும் வெறுந்துணிதானே."

"எந்த ஒண்டு?"

"ஆறு அனுப்பினனி. ஐஞ்சைத்தான் தோய்ச்சனான். ஒண்டை அம்மா தோய்க்க விடேல்லை. எடுத்துத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டா. அவனுக்கு வர ஏலாது, அவன்ர கோடி இதுதான், கழுவாமல் வை எண்டு சொன்னவ. நான் பேசினனான், என்ன அச்சானியம் கதைக்கிறியள் எண்டு. பேந்து அதைத்தான் போட்டனாங்கள். தலையிலயிருந்து கால் வரைக்கும் அளவெடுத்த மாதிரி இருந்தது. மோன்ர கோடி எண்டு எல்லாச் சனமும் சொன்னது. உனக்குக் கடிதத்திலை எழுதேல்லை, நீ தனிய இருந்து அழுவாய் எண்டு."

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அத்தானின் கண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறேன் என்று மனைவி சொல்கிறாள். வைப்பதற்கு முன் அக்கா, "இப்ப மருந்து போடுறியள் எண்டால் அத்தானுக்கு ரெண்டு அனுப்பு, இந்த முறை சவர்க்காரம் காட்டமாட்டன்" என்றாள். அனுப்புகிறேன் என்றேன்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். தாரணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்பா, நீங்க மாமிக்குப் பொய் சொன்னீங்க."

"இல்லையம்மா."

அவள் டொச்சுக்கு மாறினாள். கோபம் வந்தால் அவள் அந்த மொழிக்குத்தான் போவாள். தன் பொம்மைக்கு நான் கொண்டுவந்து கொடுத்த விரிப்புத் துண்டு மருந்துத் துணி என்றாள். அவள் அப்போது பாலர் பள்ளியில் இருந்தாளாம். சவர்க்காரம் போடக்கூடாது என்று நான் முழங்காலில் இருந்து, மூன்று தரம் திருப்பிச் சொல்லிக் கொடுத்தேனாம். அப்படியானால் போன வருடம் எப்படித் தொடங்கும்?

அவள் சொன்னது சரி. பொம்மைக்கு மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு தரம் எழுதவில்லை. அவளைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தி ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். என்னிடம் இருந்த டொச்சும் போதவில்லை, அவளிடம் இருந்த தமிழும் போதவில்லை. அழுதேன். இந்த முறை அவள் பார்க்கப் பார்க்கத்தான். அவள் போய்ப் பொம்மைக் கட்டிலிலிருந்து அந்தத் துண்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

திங்கட்கிழமை அதை வேலைக்குக் கொண்டுபோனேன். மூலையில் ஒரு சொட்டு விட்டுக் குழாயடியில் அலம்பினேன். நான்கு வருடப் பழைய துணி. நீலம் அப்படியே நின்றது.

ஆறில் உயிரோடிருந்த ஒரே துணி அம்மாவின் மேல் கிடந்து அம்மாவோடு எரிந்துபோனது. கோடி என்று அம்மா கழுவ விடாமல் காத்ததை நான் ஒரு வரி எழுதிக் காத்திருக்கலாம்.

அத்தானுக்கு இரண்டு துணி மடித்து வைத்திருக்கிறேன். 'சவர்க்காரம் பாவிக்க வேண்டாம்' என்று மேலே பெரிய எழுத்தில் எழுதியும் விட்டேன்.

இதை வாசிக்கிறவர்களில் நெடுந்தீவு ஆட்கள் இருப்பீர்கள். சிலருக்கு என்னை அடையாளம் தெரியும், அக்காவையும் தெரியும். சந்தையிலோ படகிலோ அவளைக் கண்டால் சுகம் கேளுங்கள், அத்தானின் கண் எப்படி என்று கேளுங்கள். துணியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அது வெறுந்துணி.